வியாழன் காலை ஏழு மணி வண்டி

திண்டிவனம் அலுவலகத்தில் இந்த மாதம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, பல பேர் ஒன்றாகச் சேர்ந்து செயலித் திரைகளை வரையும் அந்த மென்பொருளை எப்படித் தொடங்குவது என்று நான் எழுதித் தர வேண்டுமாம். ஓய்வு பெற்று நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வேலை தேடி வந்துவிட்டது. சந்தோஷம்தான். வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் வரும் விளம்பரங்களின் எழுத்துரு சரியில்லை என்று கணவரிடம் புலம்புவதற்கு இது எவ்வளவோ தேவலை.

எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. அதை நீங்களே அரை நாளில் கண்டுபிடித்துவிடுவீர்கள். எனக்கு நாற்பத்தேழு வயதில் மூன்று வாரம் பிடித்தது. அதற்கு முன் பதினெட்டு வருடம் விழுப்புரத்தில் ஒரு டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகையும், காதுகுத்து பேனரும், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியும் செய்துகொண்டிருந்தேன். அங்கே கம்ப்யூட்டர் என்னுடையது, கோப்பு என்னுடையது, தப்பும் என்னுடையது. இங்கே வந்த முதல் நாள் திரையைத் திறந்தால், ஏழெட்டு அம்புக்குறிகள் ஆளுக்கொரு பெயரைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன. நான் கையை எடுத்த பிறகும் ஓடின. கணினியில் ஏதோ புகுந்துவிட்டது என்று நினைத்து மனதுக்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பிரகாஷ், "அக்கா, அது நாந்தான். பக்கத்துல ஓடுதே பச்சை, அது சென்னை ஆபீஸு" என்றான்.

இரண்டாம் நாளே ஒரு கூத்து. எல்லாத் திரைகளிலும் வரும் ஒரு பட்டனுக்கு மூலமான பட்டன் ஒன்று இருக்கும். மூலத்தை மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். இது தெரியாமல், பார்க்க மங்கலாக இருக்கிறதே என்று அதற்குப் பத்திரிகை ரோஸ் நிறத்தைப் பூசினேன். ஒரு நொடியில் செயலி முழுவதும் மஞ்சள் நீராட்டு விழா மண்டபம் மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளரும் அதே கோப்பைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளாளுக்குச் சரிசெய்யப் பாய்ந்தார்கள். ஒருவர் பழையபடி ஆக்க, அதே நேரம் இன்னொருவர் வேறொன்றைத் திருப்ப, ரோஸ் போய்ப் பச்சை வந்தது, பச்சை போய் எழுத்தே காணாமல் போனது.

அப்போது சென்னையிலிருந்து எங்கள் குழுத் தலைவியின் குரல் அழைப்பில் வந்தது. அவர் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்; என்னைவிடப் பதினாறு வயது சின்னவர் என்று மட்டும் சொல்கிறேன். "எல்லாரும் கைய எடுங்க. ஒருத்தர் மட்டும் தொடுங்க. யார் மாத்தினாங்களோ அவங்களே" என்றார். நான்தான் என்று ஒப்புக்கொள்ள அரை நிமிடம் ஆனது. பிறகு அவர் சொல்லச் சொல்ல நானே சரிசெய்தேன். வாடிக்கையாளர், "ரோஸ் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அதோடு அது போயிற்று.

அது சிரிக்கிற கதை. இனி சொல்லப் போவதில் நான் சிரிக்க ஆரம்பிக்கவே பல மாதம் ஆனது.

விழுப்புரத்தில் ஒருவர் நாலு அறுவடை இயந்திரங்கள் வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் முதலாளி என்போம். விவசாயிகள் போனிலேயே இயந்திரத்தை முன்பதிவு செய்துகொள்ள ஒரு செயலி வேண்டும் என்று வந்தார். செயலியைக் கட்டுவதற்கு முன்னால், அது எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி செய்வோம் இல்லையா? அமுக்கினால் அடுத்த திரை வரும், அதற்குப் பின்னால் எதுவும் இருக்காது. அந்த வேலை எனக்கும் பிரகாஷுக்கும் வந்தது.

ஆசையாகச் செய்தோம். கிராமத்தின் பெயர், எத்தனை ஏக்கர், ஈர நிலமா காய்ந்த நிலமா என்று மூன்று கேள்வி. கடைசியில் ஒரு பச்சைத் திரை: "உங்கள் வண்டி உறுதி செய்யப்பட்டது. வியாழன் காலை 7 மணி. ஓட்டுநர் முருகன்." யார் எதை அமுக்கினாலும் வியாழன் ஏழு மணிதான், மாதிரிக்கு அது போதும். ஓட்டுநரின் போன் எண்ணுக்கு ஏதோ பத்து இலக்கம் போட்டோம்; படத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. பிரகாஷின் அடையாள அட்டைப் படத்தை எடுத்து வட்டத்துக்குள் ஒட்டினேன். பார்த்தவர்கள் எல்லாரும் அப்படியே ஓட்டுநர்தான் என்றார்கள். பிரகாஷ் இரண்டு நாள் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

எல்லாத் திரைக்கும் மேலே ஒரு சிவப்புப் பட்டை போட்டிருந்தேன், "இது மாதிரி மட்டுமே" என்று. முதலாளி பார்த்துவிட்டு, "இன்னாம்மா ஸ்டெல்லா, கண்ணு அங்கயே போவுது. அத எடுத்துடேன்" என்றார். எனக்கும் அந்தப் பட்டை பிடிக்கவில்லை. அத்தனை வருடம் பத்திரிகை அடித்த கை, பச்சையும் சிவப்பும் அடித்துக்கொள்வதைப் பொறுக்கவில்லை. எடுத்துவிட்டேன். பழியை முதலாளி மேல் போட எனக்கு வழி இருக்கிறது, ஆனால் எடுத்த விரல் என்னுடையது.

அந்த வாரமே மாதிரியைச் சோதிக்கத் திருவெண்ணெய்நல்லூர் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் ஐந்து விவசாயிகளிடம் போனைக் கொடுத்து அமுக்கச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். இது நிஜ செயலி இல்லை என்று ஐந்து பேருக்கும் வாயால் சொன்னேன். கிளம்பும்போது அவர்களில் ஒருவர், "வூட்ல காட்டணும், லிங்க் குடும்மா" என்றார். கொடுத்தேன். நல்ல மனிதர், தன் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். நான் வாயால் சொன்னது லிங்க்கோடு சேர்ந்து போகவில்லை. "அறுப்பு மிஷின் புக் பண்ண ஆப் வந்துடுச்சு" என்ற அவருடைய வரிதான் போனது.

அடுத்த வியாழக்கிழமை ஒன்பதரைக்கு நான் பேருந்தில் வந்து அலுவலகத்தில் நுழைந்தேன். பிரகாஷ் எனக்கு முன்னால் வந்து கோப்பைத் திறந்திருந்தான். மாதிரியின் மேல் யார் வேண்டுமானாலும் கமெண்ட் எழுதலாம். அப்படிக் குழுவினர் எழுதி வைத்திருந்த கமெண்ட்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, முடிந்தது என்று டிக் போட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, இதப் பாருங்க. பச்சைத் திரைல எவனோ 'வண்டி இன்னும் வரல'ன்னு எழுதிக்கினு கீறான். சென்னை ஆளுங்களுக்குக் கிண்டலப் பாரு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். டிக் போட்டு மூடிவிட்டான்.

பத்தேகாலுக்கு அதே இடத்தில் இன்னொரு கமெண்ட் வந்தது. இந்த முறை நான்தான் பார்த்தேன்.

"அண்ணா, ஆளுங்க எல்லாம் ஆறு மணிக்கே வந்துட்டாங்க. போன் போட்டா போகல. வானம் இருட்டுது. வண்டி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

பக்கத்தில் வெண்ணிலா என்ற பெயர். எங்கள் குழுவில் அப்படி யாரும் இல்லை. சென்னையிலும் இல்லை. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"பிரகாஷ், இது கிண்டல் இல்ல."

அவன் வந்து படித்தான். உடனே கை மவுஸுக்குப் போனது. "லிங்க்க டெலீட் பண்ணிடலாங்க்கா. ஜல்தியா. வேற யாரும் பாக்கறதுக்குள்ள."

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. எடுத்துவிட்டால் நடந்ததே தெரியாது. ஆனால் ஒரு விஷயம் உறைத்தது. அந்த மாதிரி எதையும் சேமித்து வைப்பதில்லை. யார் அமுக்கினார்கள், எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று எங்கேயும் பதிவு கிடையாது. இந்தப் பெண் கமெண்ட் எழுதினதால் தெரிந்தது. எழுதத் தெரியாதவர்கள் எத்தனை பேர் வரப்பில் நின்றுகொண்டு சாலையைப் பார்க்கிறார்களோ? லிங்க்கை எடுத்தால், அவர்கள் மறுபடி திறந்து பார்க்கும்போது வெறும் பக்கம்தான் வரும். நெட்வொர்க் இல்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் காத்திருப்பார்கள்.

"தொடாத. கைய எடு" என்றேன்.

கோப்பில் நாம் மாற்றுவது லிங்க்கைத் திறப்பவருக்கு அப்படியே தெரியும். அந்தப் பச்சைத் திரையிலிருந்த எல்லாவற்றையும் அழித்தேன். வெள்ளைப் பின்னணி. இருப்பதிலேயே பெரிய கறுப்பு எழுத்து. "இது உண்மையான முன்பதிவு இல்லை. வண்டி வராது. தவறு எங்களுடையது. உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்." கீழே என் சொந்த போன் எண். முதல் திரையிலும் அதையே போட்டேன். என் வாழ்க்கையில் நான் வடிவமைத்த திரைகளிலேயே அழகில்லாதது அதுதான். அதைவிட உபயோகமான ஒன்றையும் நான் வரைந்ததில்லை.

பிறகு வெண்ணிலாவின் கமெண்ட்டுக்குக் கீழே எழுதினேன்: "அம்மா, நான் ஸ்டெல்லா, இதைச் செய்தவள். உன் போன் நம்பரைக் கொடு." ஒரு நிமிடத்தில் எண் வந்தது. கூப்பிட்டேன்.

விழுப்புரத்தில் நர்ஸிங் படிக்கும் பெண். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் அம்மா நிலத்தில் அறுப்பு என்று விடுப்பு போட்டு வந்திருந்தாள். மேலே இருந்த கமெண்ட் குறியைப் பார்த்து, கம்பெனிக்கு எழுதுகிற இடம் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"அப்ப வண்டியே கிடையாதா மேடம்?"

"இல்லம்மா."

"டிரைவரு படம்லாம் போட்டிருந்துச்சே..."

நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறியது. அவள் அம்மா, சரோஜா.

"இன்னாம்மா சொல்ற? நேத்து எனக்கு வேற மிஷினு முறை இருந்துச்சு. பொண்ணு ஆப்புல போட்டுட்டாளேன்னு அத பக்கத்து நெலத்துக்காரருக்கு வுட்டுக் குடுத்துட்டேன். இன்னைக்கு அந்த மிஷினும் ஊரத் தாண்டிப் பூட்ச்சி. குத்தகை நெலம்மா இது. மொத மொத நானா வெச்ச பயிரு. இத்தினி வருசமும் அடுத்தவங்க கொல்லில அறுத்தவதான் நானு."

"எவ்வளவு நிலம்க்கா?"

"ஒன்னே கால் ஏக்கரு. தண்ணி வடியல, கால் பொதையுது."

என்னால் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுக்க முடிந்தது. "வண்டி வரும்னு சொல்ல மாட்டேங்க்கா. நான் வர்றேன். அதுக்கு முன்னாடி வண்டிக்கு முயற்சி பண்றேன். வரும், வராது, ரெண்டுல எதுன்னு பதினோரு மணிக்குள்ள போன் பண்ணிச் சொல்றேன்."

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். "கவலைப்படாதீங்க, அனுப்பிடறோம்" என்று சொல்ல வாய் துடித்தது. ஒரு பொய் உறுதியால் வந்த வினையை இன்னொரு பொய் உறுதியால் மூடப் பார்க்கிற புத்தி அது. ஏற்கெனவே ஒரு பச்சைத் திரை போதும் என்று நாக்கைக் கட்டினேன்.

முதலாளியைக் கூப்பிட்டேன். "நான் இன்னாத்துக்கும்மா வண்டி அனுப்பணும்? நானா புக் பண்ணேன்? டம்மின்னு நீதான சொன்ன?" என்றார். நியாயமான கேள்வி. நான் வாதாடவில்லை. "ஆமாண்ணா, தப்பு என்னோடது. உங்க வண்டி எது எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். இரண்டு வண்டிகள் மேல்மலையனூர் பக்கம். ஒன்று பட்டறையில். நாலாவது அரசூருக்குப் பக்கத்தில், எட்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் நிலத்தில் அறுத்துக்கொண்டிருந்தது. நல்ல வேளை, அது செயின் வண்டி. டயருக்குப் பதில் பட்டைச் சங்கிலியில் போகும். ஈர நிலத்தில் அதுதான் இறங்கும்.

"அவர் கிட்ட நான் கேக்க முடியாது. எட்டு வருசமா என் கிட்டயே அறுக்கறவரு" என்றார் முதலாளி.

"நான் கேக்கறேன். நம்பர் குடுங்க."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தார்.

அந்தப் பெரியவர் என்னை மூன்று நிமிடம் திட்டினார். கம்ப்யூட்டர்காரர்கள் ஒட்டுமொத்தமாக என்னால் திட்டு வாங்கினார்கள். நான் நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்: சிவப்புப் பட்டையை எடுத்தது, வியாழக்கிழமை போட்டது, குத்தகை நிலம், விட்டுக்கொடுத்த முறை. எதையும் மெழுகவில்லை. கடைசியில், "என் நெல்லு சாஞ்சா நீ வந்து தூக்கி நிறுத்துவியா?" என்று கேட்டார்.

"முடியாதுங்க" என்றேன்.

வண்டியை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினார். பிறகு, "பாதி முடிஞ்சிக்கிச்சு. மீதி இன்னும் கொஞ்சம் பச்சையாத்தான் கீது. நாலு மணிக்குள்ள வண்டி இங்க வந்துடணும், ஆமா" என்றார்.

பதினோரு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது சரோஜாவுக்குப் போன் செய்தேன். "வண்டி லாரில ஏறிட்டுதுக்கா. டிரைவர் கிட்ட நானே பேசிட்டேன். பன்னெண்டரை ஆவும்." மறுமுனையில் ஒரு "ம்" மட்டும் வந்தது.

இதற்கு நடுவில் என் போன் அடிக்க ஆரம்பித்திருந்தது. வெள்ளைத் திரை வேலை செய்துகொண்டிருந்தது. ஒருவர் சனிக்கிழமைக்கு வேண்டும் என்று மனதில் நினைத்து அமுக்க, வியாழன் என்று வந்ததாம். கம்பெனி தப்பு, சனிக்கிழமைதான் வரும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். அவருக்கு நிஜமாகவே முதலாளியிடம் பேசி இடம் பிடித்தோம். இன்னொருவர், "சும்மா அமுக்கிப் பாத்தேன், எனக்கு நெலமே கெடையாது" என்றார். மூன்றாமவர் ஒரு தாத்தா. எல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் கெடக்கட்டும், அந்த மிஷினு கரும்பு வெட்டுமா?" என்றார். வெட்டாது என்றதும், "அப்ப எனக்கு அது வந்தா இன்னா, வராட்டி இன்னா" என்று வைத்துவிட்டார். அத்தனை பதற்றத்திலும் பிரகாஷும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

போன் மூலம் முடிந்ததே, நேரில் போக வேண்டுமா என்று பிரகாஷ் கேட்டான். போக வேண்டும் என்றேன். அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். அந்தக் குறுக்குச் சாலையில் என் முதுகெலும்பு எத்தனை துண்டு என்று எண்ணிவிடலாம்.

ஊருக்குள் நுழைந்து நிலத்தோரம் பைக்கை நிறுத்தினோம். புளியமரத்தடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் பிரகாஷைப் பார்த்ததும் எழுந்து, "தோ! டிரைவரு வந்துட்டாரு!" என்று கத்தினாள். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் பைக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மிஷின எங்கப்பா வுட்டுட்டு வந்த?"

இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பிரகாஷ் நின்றான். "நான் டிரைவரு இல்லைங்க" என்றான். அவர்கள் நம்பவில்லை. ஒருவர் போனை எடுத்து முன்பதிவு அன்றைக்கு எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். "இது நீ இல்ல?" அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

சரோஜா வரப்பிலிருந்து நடந்து வந்தார். ஒல்லியான உருவம், புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தார். பிரகாஷை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"படத்துல இருந்த ஆளு நெசமாத்தான் கீறான். வண்டிதான் பொய்யா?"

பைக்கில் வரும் வழியெல்லாம் மன்னிப்புக்கு வாக்கியம் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். "தப்புப் பண்ணிட்டேங்க்கா" என்றேன், அவ்வளவுதான். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. மேற்கே வானத்தைப் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். ஆவணி மாதத்து மேகம், அடியில் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு லாரி வந்தது. பதினைந்து நிமிடம் தாமதம். அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் ஒவ்வொன்றாக வாழ்ந்தேன். வண்டி இறங்கி நிலத்துக்குள் போனது. நெல் கொட்டக் கொட்ட டிராக்டரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். நானும் பிரகாஷும் தார்ப்பாயின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். முக்கால்வாசி நிலம் முடிந்தபோது முதல் துளி விழுந்தது. ஓட்டுநர் நிறுத்தாமல் இன்னும் இரண்டு சுற்று போனார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கடைசி மூலை நின்றுவிட்டது. அந்த மூலையில் கதிர் சாய்வதைச் சரோஜா பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அதக் கையால அறுத்துக்கலாம். அதுக்குத்தான் கையி கீது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு எங்கள் பக்கம் பார்க்காமலே, "ஆளுங்களுக்குன்னு ஆக்கன சோறு கீது. துன்னுட்டுப் போங்க" என்றார். துன்னோம். மழைத் தண்ணீர் வழிந்த தட்டில், மொச்சைக் குழம்பும் சோறும். வண்டியை நாலு மணிக்குள் அரசூரில் சேர்த்துவிட்டோம். நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. அரசூரில் அன்று மழை இல்லை. அந்தப் பெரியவர் மறுபடி திட்ட வாய்ப்பில்லாமல் போயிற்று.

சாயங்காலம் சென்னைத் தலைவி அழைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் கேட்டார்: "மொத கமெண்ட்டுக்கு என்ன ஆச்சு?"

பிரகாஷ் எதிரில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மூடிட்டோம். நானும் பாத்தேன், சிரிச்சேன்" என்றேன்.

"யார் மூடினாங்கன்னு நான் கேக்கல. கேட்டவங்களுக்குப் பதில் கிடைச்சுதான்னு கேக்கறேன்" என்றார்.

ஏழே முக்காலுக்கு எழுதிய கமெண்ட் அது. அப்போதே நாங்கள் யாராவது அவளுக்கு ஒரு வரி எழுதியிருந்தால், அந்தக் கடைசி மூலையும் நனைந்திருக்காது. ஒன்பதரைக்காவது எழுதியிருந்தாலும் முக்கால் மணி நேரம் மிச்சம். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு பழக்கம் வந்தது: கமெண்ட்டை எழுதியவர்தான் அதை மூட வேண்டும். வேலையை முடித்தவர் மூடக் கூடாது. உங்கள் அணியிலும் இதைக் கேட்டு வாங்குங்கள். மெதுவாக நடக்கும், எரிச்சலாக இருக்கும். இருக்கட்டும்.

சிவப்புப் பட்டை மறுபடி வந்தது. இன்னும் தடித்து. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதிரிகளில் நிஜமான கிழமையும் நிஜமான நேரமும் போடுவதை விட்டோம். "கிழமை", "நேரம்" என்றே எழுதினோம். பிரகாஷின் முகத்தை எடுத்துவிட்டு ஒரு சாம்பல் வட்டம் போட்டோம். அவன் அதற்கும் கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரிதான் தெரிந்தது.

வெண்ணிலாவைக் கோப்பிலிருந்து நீக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். தொடர்ந்து பார்த்து, தப்புத் தெரிந்தால் எழுதுகிறாயா என்று அவளிடம் கேட்டேன். எழுதினாள் பாருங்கள். "வண்டி லேட்டானா யார் சொல்லுவாங்க?" "வேணாம்னா எங்க அமுக்கணும்?" "எங்க அம்மாவுக்கு ஏக்கர் தெரியும், இந்த சதுர மீட்டர் எதுக்கு?" மாதக் கணக்கில் நாங்கள் மூளையைக் கசக்கியும் தோன்றாததெல்லாம், அவள் கல்லூரிப் பேருந்தில் போய்க்கொண்டே எழுதியவை. சில நாள் அவள் கமெண்ட் வரும் சத்தம் கேட்டாலே பிரகாஷ், "வந்துட்டாங்க இன்ஸ்பெக்டரு" என்பான். ஆனால் ஒன்றைக்கூடப் பதில் எழுதாமல் விட்டதில்லை.

செயலி நிஜமாகவே தயாராகி, தை மாத அறுப்புக்கு வெளியே வந்தது. முதல் நாள் காலை நான் மேசையில் உட்கார்ந்து பதிவுகள் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. சரோஜா. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

"ஸ்டெல்லாம்மா, பச்சை பட்டன் வரைக்கும் வந்துட்டேன். திங்கக்கெழம காலைல எட்டு மணின்னு காட்டுது. கீய யாரோ செல்வம்னு பேரு போட்டுக்கீது."

"ஆமாங்க்கா. அமுக்குங்க. இது நெஜம்."

"அது எனக்குத் தெரியாது. நீ வாயால சொல்லு, வண்டி வரும்னு. அப்புறம் அமுக்கறேன்."

சொல்லியிருக்கலாம். செயலி நிஜம், பதிவு நிஜம், நேரம் நிஜம். நானே பத்து முறை சோதித்தது.

"ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க்கா" என்றேன். பக்கத்து மேசையில் இருந்த பிரகாஷின் போனை வாங்கி, ஓட்டுநர் செல்வத்தைக் கூப்பிட்டேன். டிராக்டர் சத்தத்துக்கு நடுவில் எடுத்தார். திங்கட்கிழமை எட்டு மணிக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒரு வேலை வந்தால் போவீர்களா என்று கேட்டேன். அவர் யாரிடமோ ஏதோ கேட்டார், பிறகு பதில் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டு, என் போனைக் காதில் வைத்தேன். சரோஜா இன்னும் லைனில் இருந்தார். பின்னால் கோழி கூவுவது கேட்டது.

"வரும்க்கா" என்றேன்.